இடது சீட்டுக்கு மேலே

சேலத்தில் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு என் மனைவி கிளம்பிப் போன புதன்கிழமை காலை, அவள் ஏறிய பஸ் ஏற்காட்டைத் தாண்டியிருக்குமோ என்னவோ, நான் குஷன்காரருக்குப் போன் போட்டுவிட்டேன். அன்றைக்கே சேலத்திலிருந்து மலையேறி வரச் சொன்னேன். கார் சீட்டு தைக்கிறவர், கூரைக்கு ரெக்ஸின் ஒட்டுவதிலும் கைதேர்ந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் எங்கள் பழைய அம்பாசிடரின் கூரையிலிருந்த கறுப்பு ரெக்ஸினை உரித்து, புதிதாக ஒட்டி, குப்பையையும் கூட்டி முடித்திருக்க வேண்டும். அடியில் இருப்பதை அவள் பார்த்துவிடக் கூடாது.

அடியில் இருந்தவை நாலு ஓட்டைகள். நான் போட்டவை.

எங்கள் கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்த வண்டி அது. ஈகூட உட்காரவிடாமல் வைத்திருந்த வெள்ளை வண்டியை மகளுக்காக மனசு வந்து கொடுத்தார். அவள் ஓட்டப் பழகியதே அதில்தான். என் கைக்கு வந்த இரண்டாவது மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. தலைச்சோலை, கரடியூர் பக்கமெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டு போக வண்டி கேட்டார்கள். புது மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ஒலிபெருக்கியைக் கயிற்றால் கட்டினால் வளைவுக்கு வளைவு சரிந்தது. பொறுமை எனக்கு அன்றைக்கும் கிடையாது. இரவல் டிரில் வாங்கி, இடது சீட்டுக்கு மேலே நாலு ஓட்டை போட்டு போல்ட்டை முடுக்கிவிட்டேன்.

பிறந்த வீட்டுக்குப் போயிருந்தவளை அழைத்துக்கொண்டு திருவிழாவுக்கு மாமனாரே வருகிறார் என்று தகவல் வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வண்டியைச் சேலத்துக்கு இறக்கி, ஒரே நாளில் கூரை முழுக்கக் கறுப்பு ரெக்ஸின் ஒட்டி ஏற்றிவந்தேன். “இப்ப இதுதாங்க மாமா பேஷன்” என்றேன். அவர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நொம்ப எடுப்பா இருக்குதுங்க மாப்ள” என்றார். கடைசிவரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. ரெக்ஸின் வெடிக்க ஆரம்பித்ததும் மழைக்காலத்தில் இடது சீட்டில் சொட்டியது. அது அவள் உட்காரும் சீட்டு. “மேலருந்து சொட்டுதுங்க” என்று அவள் சொன்ன முதல் நாளே, “கண்ணாடிய ஏத்துனியா?” என்று கேட்டேன். ஏற்றிவிட்டதாகச் சொன்னாள். “சரியா ஏத்திருக்க மாட்டே” என்றேன். இது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. உள்கூரைத் துணியில் விழுந்த கறையைக் காட்டினாள். பனி ஈரம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். சீட்டுக்கு அடியில் ஒரு நீலத் துண்டு வைத்துக்கொண்டு, மழை வந்தால் எடுத்து மடியில் விரித்துக்கொள்வாள். அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கோபம் யார்மேல் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியதும், ஊருக்குப் போய்விட்டு வந்து தானே ஆளைக் கூப்பிட்டு வேறு ரெக்ஸின் போடப் போவதாகச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

குஷன்காரர் மதியம் வந்து உரித்தார். உரிக்கும்போதே உச்சுக் கொட்டினார். நான் போட்ட சின்ன ஓட்டைகள் துருப்பிடித்து, ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஆகியிருந்தன.

“பட்டி பூசி அடைச்சுட்டு மேல ரெக்ஸின ஒட்டிருங்க” என்றேன்.

“ஏனுங்ணா, தகரமே இல்லாத எடத்துல பட்டி எதப் புடிச்சு நிக்கும்? வெட்டி எடுத்துட்டு வேற தகரம் வச்சு வெல்டிங் அடிக்கோணும்.”

வெல்டிங்காரர் வியாழக்கிழமை வருகிறேன் என்றார். வரவில்லை. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்து என் கால்தான் ஓய்ந்தது. நடுவில் மனைவி போன் செய்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று அதிலும் ஒரு பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வந்து நாலு இடத்திலும் சதுரமாகத் தகரம் வைத்து ஒட்டி, சிவப்பு பிரைமர் அடித்துவிட்டுப் போனார். வெள்ளைக் கூரையில் நாலு சிவப்புக் கட்டம். எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் குத்தியது.

சனிக்கிழமை குஷன்காரர் வந்து சேரும்போதே பதினொன்றைத் தாண்டிவிட்டது. கூரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யவே மத்தியானமாகிவிட்டது. கூரையிலும் ரெக்ஸினிலும் சல்யூஷன் என்கிற பசையைப் பூசிக் காயவிட வேண்டும். விரலை வைத்தால் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஒட்ட வேண்டும். சேலத்து வெயிலில் அதற்குப் பத்து நிமிஷம் போதும். அவர் அந்தக் கணக்கில் இருந்தார். மத்தியானத்துக்கு மேல் இங்கே மூடுபனி இறங்கும் என்பது இந்த மலையிலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். மரங்களுக்கு இடையில் அது வருவதையும் பார்த்தேன். பூசிய பசை மேல் வெள்ளையாக ஈரம் படர்வதையும் பார்த்தேன்.

“விரல்ல ஒட்டுதுங்களே. நாளைக்கு வெயில்ல வச்சுக்கலாமுங்க.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. ஒட்டுங்க.”

நானே மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். ஐந்து மணிக்கு அவள் பையோடு வந்து இறங்கியபோது வண்டி கறுகறுவென்று நின்றது. “பரவால்லீங்களே!” என்று கூரையைத் தடவிப் பார்த்தாள். நாலு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பத்து மணிக்கு அவள் வெளியிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் கூரை முழுக்கக் கொப்புளம். அடைபட்ட ஈரம் சூட்டில் பொங்கி, ரெக்ஸினை அப்பளம் மாதிரி தூக்கிவிட்டிருந்தது. அவளே குஷன்காரருக்குப் போன் செய்தாள்.

திங்கட்கிழமை அவர் கத்தியை எடுத்ததும், “நீ கடைவீதிக்குப் போய்ட்டு வாயேன்” என்றேன். அவள் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ரெக்ஸின் பாதிவரை உரிந்ததும் சிவப்புக் கட்டங்கள் வெளியே வந்தன. எழுந்து கிட்டே வந்தாள்.

“இது என்னங்க, நாலு ஒட்டு?”

குஷன்காரர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு கையிலேயே இருந்த கத்தியைப் பையில் தேட ஆரம்பித்தார். துரு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு வாரமாக ஓடி ஓடி எனக்கு அலுத்துவிட்டது.

“நான் போட்ட ஓட்டை” என்றேன். “திருவிழாவுக்கு ஸ்பீக்கர் வைக்க. உங்கப்பா வண்டி குடுத்த ரெண்டாவது மாசம்.”

“கயிறு போட்டுக் கட்டுனதாச் சொன்னீங்க.”

“பொய்.”

“அப்ப எம்மேல சொட்டுனது?”

“இதுலருந்துதான்.”

“கண்ணாடிய நான் ஏத்தலைன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

அவள் அந்தக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். “அப்பா ரெண்டு சுத்துச் சுத்திப் பாத்தாருங்க” என்றாள். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவள் திட்டவில்லை.

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். “ஏனுங்க, அந்தப் பசை முழுக்கச் சொரண்டி எடுங்க. காலைல வெயில் இருக்கறப்ப மட்டும் ஒட்டுங்க. எத்தன நாளானாலும் பரவால்ல” என்று குஷன்காரரிடம் சொன்னாள். மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அவள் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரெக்ஸின் ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்தது.

அடுத்த வாரம் ஒரு வேலையாகச் சேலத்துக்குக் கிளம்பினோம். நான் சாவிக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. வலது பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மலைப்பாதையில் அவளை ஓட்ட விட்டதே இல்லை நான். சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து நீலத் துண்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

ஏழாவது எட்டாவது வளைவில் மழை பிடித்துக்கொண்டது. வெல்டிங் சரி, ஒட்டியதும் சரி, சொட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலை தானாக மேலே போனது. ஒவ்வொரு வளைவிலும் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழப்போகிறது என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். துண்டை விரித்தேன், மடித்தேன், மறுபடி விரித்தேன். இருபது வருஷம் அவள் எப்படித்தான் இங்கே உட்கார்ந்திருந்தாளோ.

“கண்ணாடிய ஏத்துனீங்களா?” என்று கேட்டாள். பார்வை ரோட்டிலேயே இருந்தது.

“ஏத்திட்டேன்” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பிச் சரிபார்க்கவில்லை. “சரிங்க” என்று சொல்லிவிட்டு, கியரை மாற்றி அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினாள்.