சால்வை போர்த்தப் போனோம்

போன வாரம் என் முகம் ஊர் பூராவும் சுற்றி வந்தது.

முதலில் எங்கள் பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில். அங்கிருந்து பழைய ஆபீஸ் குரூப்புக்கு. ராத்திரிக்குள் பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் வரை போய்விட்டது. 'கங்கிராட்ஸ்' என்று ஆளாளுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை வேறு. போட்டோவில் ஓர் அதிகாரி நடுவில் நிற்கிறார். தோளில் சால்வை, கையில் தேங்காய். பக்கத்தில் நான், இருக்கிற பல்லெல்லாம் தெரிய. எங்களைச் சுற்றி ஏழு பெண்கள். அதில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை.

கீழே மராத்தியில் இரண்டு வரி. 'லேபர் கேம்ப் மகளிர், சிறந்த சேவைக்காக அதிகாரியை நேரில் சந்தித்து நன்றி தெரிவித்தனர்.'

நன்றியா? நாங்கள் போனது புகார் சொல்ல.

எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் குற்றவாளி அவர் மட்டுமில்லை என்பதும் ஒரு காரணம். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊரில் இருப்பவர்களையெல்லாம் கிண்டல் செய்கிறேனே... ஒரு வாரமாவது என் முறை வர வேண்டாமா?

இசக்கியம்மாள் எனக்குப் பன்னிரண்டு வருஷமாக பிளவுஸ் தைத்துத் தருபவர். மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் வீடு. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். இசக்கி பிறந்ததே இங்கேதான். பேச்சு மட்டும் இன்னும் அங்கிருந்து ரயில் ஏறவில்லை.

தைத்ததைக் கொடுக்கப் பெரும்பாலும் மாலையில்தான் வருவார். காபி? வேண்டாம். தண்ணீராவது? அதுவும் வேண்டாம். "இப்பதான் மாமி குடிச்சேன்" என்பார். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை இது நடந்திருக்கிறது. சமீப காலமாகத்தான் இந்த 'வேண்டாம்' அதிகமாகியிருந்தது. நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம், சொல்லுங்கள்.

மே மாசத்தில் ஒருநாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்து, முகமெல்லாம் வெளுத்துப்போய் சோபாவில் உட்கார்ந்தார். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். கையில் வாங்கினார். குடிக்கவில்லை.

"மணி என்ன மாமி?"

"நாலரை."

"அப்ப வேண்டாம்" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் சந்துக்கு ஒரு பொதுக் கழிப்பறை. அதில் பெண்கள் பக்கத்தை மட்டும் 'ரிப்பேர்' என்று பலகை மாட்டிப் பூட்டிவிட்டார்கள். பூட்டியது அதற்கு முந்தின கணபதி பண்டிகைக்கும் முன்னால். ஆண்கள் பக்கம் திறந்தேதான் இருக்கிறது, கேட்டீர்களா? பெண்கள் மெயின் ரோட்டைத் தாண்டி இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். அங்கே போனால் வரிசை. இருட்டிவிட்டால் அந்த ரோட்டைத் தாண்டவே பயம்.

"நாலு மணிக்கு மேல ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டோம் மாமி. எங்க சந்துல ஒருத்தியும் குடிக்கமாட்டா. அடிக்கடி நீர்க்கடுப்பு வருதுன்னு டாக்டர்ட்ட போனா, தண்ணி நெறைய குடிங்கங்காரு. குடிச்சா எங்க போவ?"

எங்கே போவது? உங்களுக்குத் தெரியுமா?

இசக்கி சும்மா இருந்தவரில்லை. மகளை விட்டு ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறார். நேரில் ஐந்து தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் 'சாப் மீட்டிங்கில் இருக்கிறார்'. ஒருநாள் அந்த சாப், அதாவது அதிகாரி, காரிடாரில் எதிரேயே வந்துவிட்டார். இசக்கி பேசப் பேச, அவர் போனைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தாராம். இவரும் பேசிக்கொண்டே பின்னால் போக... லிஃப்ட் வந்தது. அவர் ஏறினார். கதவு மூடிக்கொண்டது.

"அதான் மாமி எனக்குத் தாங்கல. முடியாதுன்னாலும் சொல்லட்டும். எங்க மூஞ்சியப் பாத்து, ஒக்காந்து, பத்து நிமிசம் கேக்கணும். அம்புட்டுத்தான்."

பத்து நிமிஷம்தானே? எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முப்பத்துநாலு வருஷம் ஒரு பெரிய ஆபீஸின் நிர்வாகப் பிரிவில் இருந்தவள் நான். கூட வேலை பார்த்த ஒருத்தரைப் பிடித்து, அவர் மூலமாக இன்னொருத்தரைப் பிடித்து, ஒரே வாரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. கால் மணி நேரம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினேன்?

இந்த ஊரில் எந்தப் பெரிய மனிதரைப் பார்க்கப் போனாலும் சால்வையும் தேங்காயும் கொடுத்துச் சத்காரம் செய்வது வழக்கம். எங்கள் ஆபீஸில் புது டைரக்டர் வந்தாலும் செய்வோம், பழைய டைரக்டர் தொலைந்தாலும் செய்வோம். நம் தமிழ் ஜனங்களின் சங்கம், சபா எதிலும் பொன்னாடை இல்லாமல் மைக்கே பிடிக்க முடியாது. ஆக, கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருவுக்குப் போனேன். ஜரிகை போட்ட சால்வை ஒன்று, பூங்கொத்து ஒன்று, தேங்காய் ஒன்று.

இசக்கி சால்வையை வாங்கி, முதலில் ஓரத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். "ஓரம் சரியா அடிக்கல மாமி. சீக்கிரம் பிரிஞ்சிரும்." அப்புறம், "எதுக்கு மாமி சால்வ? அவரு என்ன செஞ்சாரு நமக்கு?"

"இனிமே செய்யணும்னுதான். முதல்ல நாம மரியாதை பண்ணினா, அவரும் காது குடுத்துக் கேப்பார். என்னை நம்புங்கோ. இந்த மாதிரி ஆளுங்களோட நான் எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்."

"மரியாத நமக்குல்லா வேணும்னு போறோம்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அதிகாரி காது கொடுத்துக் கேட்க மாட்டேன் என்கிறார் என்று புகார் சொல்லப் புறப்பட்ட நான்.

செவ்வாய்க்கிழமை, நான் எழுதிய மனுவோடு எட்டுப் பேரும் போனோம். ஒருத்தர் மூன்று வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். இன்னொருத்தர் இட்லி வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு. அதிகாரி ஒன்றும் கெட்டவராகத் தெரியவில்லை. எழுந்து நின்று வரவேற்றார். சால்வையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. போட்டோ எடுக்க ஆள் கூப்பிட்டார். ஆள் வந்தார். வெளிச்சம் போதவில்லை என்றார். எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தோம். போர்த்திய சால்வையை எடுத்து மறுபடி போர்த்தினேன். பக்கத்து அறை அதிகாரி எட்டிப் பார்த்தார். அவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? பூங்கொத்து அவருக்கு. பிறகு டீ வந்தது. பிறகு அதிகாரி பேசினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாட்டுங்காவில் வந்து இட்லி சாப்பிடுவாராம். தமிழர்கள் மேல் ரொம்ப மரியாதையாம். சாந்தமான ஜனங்கள், சத்தமே போட மாட்டார்களாம்.

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிஷம் போயிருந்தது. அதிகாரி நின்றபடியே ஒரு ஃபைலைக் கையில் எடுத்தார். அப்போதுதான் இசக்கி முன்னால் வந்தார்.

"சாப், ஆப் பைட்டியே. ஹமாரா பாத் சுனியே."

நீங்கள் உட்காருங்கள், நாங்கள் சொல்வதைக் கேளுங்கள். ஹிந்தியில் நாலு நாளாக மகளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. அதிகாரி நிமிர்ந்தார். முதல் தடவையாக இசக்கியின் முகத்தைப் பார்த்தார். ஃபைலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் உட்காரத்தான் போனார்.

அந்த நேரம் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா?

இசக்கியின் கையைப் பிடித்து அழுத்தினேன். "மெதுவா... மெதுவாப் பேசுங்கோ" என்றேன். அதிகாரி பக்கம் திரும்பி, என்னுடைய சுத்தமான ஆபீஸ் மராத்தியில், "சாருக்கு ஆயிரம் வேலை இருக்கும். எல்லாம் மனுவில் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. கட்டாயம் பார்ப்பதாகச் சொன்னார். மனு ஒரு ஃபைல் கட்டின் மேல் போய் உட்கார்ந்தது. நாங்கள் வெளியே வந்தோம்.

இசக்கி பஸ் ஸ்டாப் வரை தன் கையையே தடவிக்கொண்டு வந்தார்.

ஏன் அப்படிச் செய்தேன்? ஒரு வாரமாக இதே யோசனைதான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. 'சாந்தமான ஜனங்கள்' என்று அவர் கொடுத்த நல்ல பேர் அஞ்சு நிமிஷத்தில் போய்விடுமே என்ற பயம்தான். நாம் ஓட்டுப் போடுகிறோம், வரி கட்டுகிறோம். ஆனால் நமக்குச் சேர வேண்டியதைக் கேட்கப் போகும்போது மட்டும் பெண் கேட்கப் போகிற மாதிரி தேங்காய் பழத்தோடு போகிறோம். அவர்கள் கையைத் தட்டிவிடுவதற்கு முன்னால் நாமே நம் ஆட்களின் வாயைப் பொத்திவிடுகிறோம். அதற்கு நாகரிகம் என்று ஒரு பேர் வேறு. வெட்கமாக இருக்கிறது எனக்கு.

போட்டோ வந்த மறுநாள் இசக்கி வந்தார். கையில் மகளுடைய போன். ஆன்லைனில் போட்ட புகாருக்கு நேராக 'முடிக்கப்பட்டது' என்று வந்திருந்தது. காரணம்? குடிமக்கள் நேரில் வந்து திருப்தி தெரிவித்துவிட்டார்களாம்.

நன்றாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நாம நன்றி சொன்னோமாம்லா மாமி" என்றார். அவ்வளவுதான்.

"தப்பு என்னோடதுதான் இசக்கி. உங்க கையைப் பிடிச்சிருக்கக் கூடாது."

"சரி, விடுங்க. இன்னொண்ணு எழுதணும். நான் சொல்லுதத மட்டும் எழுதுங்க."

மராத்தியில் எழுதினேன். முதல் வரி, 'நாங்கள் நன்றி சொல்லவில்லை.' இரண்டாவது வரி, 'பூட்டைத் திறக்கும் தேதியை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.' அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை அவர். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"கடைசில என்னமோ படிச்சியளே, அது என்ன?"

"பணிவுடன்னு அர்த்தம். வழக்கமாப் போடறது."

"அத அடிங்க மாமி."

அடித்தேன். நானும் கூட வருகிறேன் என்றேன். "நீங்க வரவேண்டாம் மாமி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சுருக்கென்றது. ஆனால் நியாயம் அவர் பக்கம்தானே?

நேற்று அவர்கள் ஏழு பேரும் போனார்கள். காலை பத்து மணியிலிருந்து காரிடாரில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப் மீட்டிங்கில். ஒரு குமாஸ்தா கடிதத்தை வாங்கி, நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார். அதைக் காட்டத்தான் இசக்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பியூன் ஒருதரம் கதவைத் திறந்தபோது உள்ளே தெரிந்ததாம். காலி நாற்காலி.

"ஒங்க சால்வய நாக்காலிக்குப் போத்தியிருக்காவ மாமி. அதுக்குள்ள ஓரம் பிரிஞ்சிட்டு. அப்பமே சொன்னேம்லா."

சிரிக்க முயற்சி செய்தார். உதடெல்லாம் காய்ந்து கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி போகிறார்களாம். இந்தத் தடவை சந்தில் இருக்கும் எல்லாப் பெண்களும். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி நாலு தாண்டிட்டுல்லா மாமி" என்று எழுந்து போனார்.

அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். எனக்கென்ன... பாத்ரூம் பத்தடியில் இருக்கிறது.