என் நாவலுக்குள் வந்த கவிதைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்குடியில் ஆசிரியையாக இருந்தேன். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய என் முதல் நாவலை நானே அச்சிட்டேன். வெளியீட்டுக்கு முந்தின நாள் காலை, முதல் பிரதியை வாங்கிப்போயிருந்த பக்கத்து வீட்டு விசாலாட்சி ஆச்சி பதறிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், கல்யாணப் பேச்சு நடக்கையில திடீர்னு மழையப் பத்திக் கவிதை வருது. வேணும்னுதான் வச்சீகளா?"

பிரித்துப் பார்த்தேன். நடுவில் பதினாறு பக்கங்கள் யாரோ எழுதிய கவிதைகள். மற்ற பிரதிகளிலும் அப்படியே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆச்சிதான் என்னை அச்சகத்துக்கு இழுத்துப்போனார்.

அங்கே ஆத்தங்குடி சண்முகம் என்பவர், சொந்தச் செலவில் போட்ட தம் கவிதை நூலின் கட்டுகளோடு நின்றிருந்தார். பைண்டிங்கில் இருவர் பக்கங்களும் இடம் மாறியிருந்தன. சண்டை போடப்போகிறார் என்று பயந்தேன்.

"உங்க பக்கத்த ரெண்டு தடவ படிச்சேன். அந்தப் பொண்ணு கட்டிக்கிறேன்னு சொன்னாளா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

மூவரும் அங்கேயே உட்கார்ந்து அட்டையை உரித்து, தையலைப் பிரித்து, பக்கங்களை மாற்றிக் கொடுத்தோம். பைண்டர் மறுபடி தைத்தார். ஆச்சி ஒவ்வொரு பிரதியையும் புரட்டிப் பார்த்தார். மறுநாளைக்கு வேண்டிய பிரதிகள் பொழுது சாய்வதற்குள் தயாராகிவிட்டன. வெளியீட்டில் என் நாவலைப் பற்றிப் பேசியதும் சண்முகம்தான்.

அதற்குப் பிறகு என் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சான பக்கங்களை முதலில் அவர்கள் இருவருக்கும் கொடுத்துவிடுவேன். சண்முகமும் தம்முடையதை எங்களிடம் தருவார். படித்து முடித்து ஆச்சி தலையசைத்த பிறகுதான் பைண்டர் ஊசியில் நூல் கோப்பார்.