தண்ணீர் ஆகாத வீடு

குத்துக்கல்வலசையில் கீழத்தெருக் கடைசி வீட்டைத் 'தண்ணி ஆகாத வீடு' என்றுதான் சொல்வார்கள். கீழப்பாவூரிலிருந்து சங்கரம்மாளை அந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தபோது ஒருத்தரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. கல்யாணம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளைக்கு எத்தனை மாடு, எவ்வளவு வயல் என்று சொல்வார்கள். அவன் அப்பன் எப்படிச் செத்தான் என்றா சொல்வார்கள்?

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து வாக்கில். கல்யாணமான மறுமாதமே சாரல் பிடித்தது. தெருவில் பாதிப் பேர் குற்றாலத்துக்கு வண்டி கட்டினார்கள். புதுப்பெண்ணுக்கு ஆசை இருக்காதா? "நாமளும் ஒருநாள் போயி அருவியில குளிச்சிட்டு வருவமா?" என்று புருஷனிடம் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிச்சையா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். மாமியார் முப்பிடாதியம்மாள்தான் அவளை அடுப்படிக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இந்த வீட்டு ஆம்பளைங்க ஆத்துல கால் வைக்கக் கூடாது தாயி. பாட்டன் காலத்துக் கட்டு. வச்சா தண்ணி கேட்டு வாங்கிரும்."

ஊரே ஆற்றில் விழுந்து குளிக்கும்போது அந்த வீட்டு ஆண்கள் முற்றத்தில் உட்கார்ந்து கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். சிற்றாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் இறங்கிக் கடக்க மாட்டார்கள். தென்காசிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் மீன் வராது. இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் சங்கரம்மாளின் மாமனார் கமலை இறைக்கும்போது கிணற்றுக்குள் விழுந்து செத்தார். மூத்த கொழுந்தன் மாடு குளிப்பாட்டப் போய்க் குளத்தில் செத்தான். இரண்டு பேருமே ஆற்றில் கால் வைத்தவர்கள் இல்லை. ஊரில் ஒருத்தனுக்காவது அது உறைத்ததா என்றால் இல்லை. 'தண்ணி வாங்கிருச்சு' என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சங்கரம்மாளின் மகன் ஆறுமுகநயினாருக்கு ஏழெட்டு வயதாகும்போது பிச்சையாவும் போனான். பிசான நடவு நேரம். குளம் நிறைந்து கிடந்தது. மடை திறக்கிற முறை அன்றைக்கு அவனுக்கு. பாசி பிடித்த மடைக்கல்லில் கால் வழுக்கியது. கரையில் நின்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரைக்கும் அவன் விழுந்த இடத்துக்கும் ஒரு வண்டிமாட்டு நீளம்தான் இருக்கும்.

அதன் பிறகு சங்கரம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான். மகனைத் தண்ணீர் தொடாமல் பார்த்துக்கொள்வது. கிணற்று வாய்க்குப் பலகை போட்டு மூடி, அதன்மேல் ஆட்டுரலை உருட்டி வைத்தாள். இரைச்சலாக மழை பெய்தால் கதவைச் சாத்தி, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொள்வாள். "தண்ணி நம்மளத் தேடுதுய்யா. நீ எங்கன போனாலும் அம்மாட்ட சொல்லிட்டுப் போ" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். சோறு ஊட்டும்போதும் இதே பேச்சுதான். மாமியார் கண்ணை மூடிய பிறகு வீட்டில் அவளைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்ல ஆளும் இல்லை.

நயினார் வளர்ந்தான். ஒற்றை ஆளாய் நெல்மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுவான். ஆனால் ஒரு வாய்க்காலைத் தாண்டச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். நாற்றங்காலில் கால் வைத்தால் நெஞ்சை அடைக்கும். நெல் விளைகிற ஊரில் தண்ணீருக்குப் பயந்த சம்சாரி! பூனை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவன் வண்டி ஓட்டினான்.

சங்கரம்மாளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் கும்பிட்ட சாஸ்தாவைத் தேடிப் போகும். எங்கே பிழைக்கப் போனவனும் அன்றைக்கு வந்துவிடுவான். அந்த வீட்டுக்கு மட்டும் சாஸ்தா எது என்று தெரியாது. பிச்சையாவின் பாட்டன் மூக்கன் எங்கிருந்து வந்து இங்கே ஏர் பிடித்தார் என்பதை மகனிடம்கூடச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரர்களோடு அவர்கள் சாஸ்தாவுக்குப் போய், ஓரமாக நின்று, விருந்தாளி மாதிரி திருநீறு வாங்கிக்கொண்டு வருவாள். சாமி கும்பிடப் போன இடத்தில் அந்நியமாக நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

பண்பொழிப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் குறி கேட்டாள். உடுக்கை நின்றதும் அவன் சொன்னான்: "ஒங்க வம்சத்துச் சாமி தண்ணிக்கரையில பசியோட நிக்கு. படைக்காம விட்டிய. அது ஒண்ணு ஒண்ணா எடுக்கு. இன்னும் ஒண்ணு பாக்கி."

இன்னும் ஒன்று யார் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் மிச்சம் இருந்த ஆண் ஒருத்தன்தான். அந்தச் சாமியைக் கண்டுபிடித்துக் காலில் விழுந்தால் நயினார் பிழைப்பான் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வம்சத்தைத் தேட அவளிடம் இருந்தது இரண்டே அடையாளம். அமாவாசைக்குப் படைத்த சோற்றை மற்றவர்கள் காக்கைக்கு வைப்பார்கள். அந்த வீட்டில் மட்டும் பெண்கள் கொண்டுபோய் வாய்க்கால் தண்ணீரில் கரைப்பார்கள். இன்னொன்று, சாமி மூலையில் தொங்கிய ஒரு மூங்கில் கூடை. நீளமாய், வாய்க்குள் இன்னொரு வாய் வைத்துப் பின்னியது. பூவை உள்ளே போடலாம், எடுக்க முடியாது. சாமிக்கூடை என்று சொல்லி, வருஷக்கணக்கில் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். உள்ளே சருகு அடைந்து கிடந்தது.

தென்காசியிலிருந்து கருவாடு விற்க வரும் ஜாஹிரா பீவி அந்த வீட்டில் கூடையை இறக்க மாட்டாள். அன்றைக்குப் புளி வாங்குவதற்காக வாசலில் நின்றவள், கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி சங்கரம்மா, அது பறில்லா? மீன் புடிக்கிற பறிக்கு எதுக்குட்டி பூப் போட்டு வச்சிருக்க?"

"மீன் புடிக்கதா? அக்கா, அது சாமிக்கூடை."

"ஒஞ் சாமி மீனு திங்குமோ என்னமோ. நான் எத்தன பறி பாத்திருக்கேன்! ஓட்டத்துல வச்சா மீனு உள்ள போவும், வெளிய வராது." பீவி உள்ளே வந்து கூடையைத் திருப்பிப் பார்த்தாள். "வாயில மூணு புரி போட்டு முடிஞ்சிருக்கு பாரு. இந்தக் கட்டு குத்தாலம் போற வழியில, கசத்துக்கரையில சுடலைமாடன்னு ஒருத்தன் இருக்கான், அவன் வீட்டுக் கட்டு. வேற எவனும் இப்பிடி முடிய மாட்டான்."

மீன் வாடையே ஆகாத வீட்டில் மீன்பொறியைச் சாமியாகக் கும்பிட்டிருக்கிறார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சங்கரம்மாள் அன்றைக்குச் சிரிக்கவில்லை; கசத்துக்கரைக்கு வழி கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பங்குனி உத்திரத்துக்குப் பச்சரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு, பறியை மடியில் வைத்து, நயினாரின் வண்டியில் ஏறினாள். ஆற்றோரப் பாதையில் மருத மரங்கள் கூடி இருட்டிக் கிடந்த இடத்தில் அவன் வண்டியை நிறுத்திவிட்டான். அதற்கு மேல் வர மாட்டேன் என்றான். அவள் மட்டும் இறங்கிப் போனாள்.

சிற்றாறு அங்கே பாறைக்கு அடியில் குடைந்து ஆழமாக நின்றது. அதைத்தான் கசம் என்பார்கள். பட்டப்பகலிலும் தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஒரு சத்தம் இல்லை. கரையில் குங்குமம் அப்பிய ஒரு கல். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஒரு சின்னப் பெண்பிள்ளை முங்குவதும் எழுவதுமாக இருந்தது. அந்தப் பிள்ளை முங்கும் ஒவ்வொரு தடவையும் சங்கரம்மாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சுடலைமாடன் கரையேறி வந்து பறியைக் கையில் வாங்கினான். வாய்க்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூக்கப் பாட்டன் வீடா?" என்றான். "அப்பம் நீங்க எனக்கு மைனி முறைல்லா! எங்க பாட்டனும் ஒங்க பாட்டனும் கூடப் பொறந்தவங்க. ஆத்துல மீன் புடிச்சிப் பொழைச்ச வம்சம் நாம. இந்தா இருக்காரே, கசமுடையார் சாஸ்தா, இவருதான் நமக்கு."

சங்கரம்மாள் கல்லின் முன் விழுந்து கும்பிட்டாள். பொங்கல் கொதிக்கும் நேரத்தில் அவன் மிச்சக் கதையைச் சொன்னான். உத்திரம் வரைக்கும் இந்தக் கசத்தில் யாரும் பறி வைக்க மாட்டார்கள். உத்திரத்தன்று முதலில் விழும் மீனை மஞ்சள் தடவித் திரும்ப விட்டுவிட்டுத்தான் தொழிலைத் தொடங்குவார்கள். தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஆறு வற்றி, மீன் முழுக்க இந்தக் கசத்தில் வந்து ஒதுங்கியது. வீட்டில் பிள்ளைகள் பசியில் கிடந்தன. மூக்கன் உத்திரத்துக்குக் காத்திருக்காமல் காரைக்காயை இடித்துத் தண்ணீரில் கலக்கிவிட்டார். மீன்கள் மயங்கி மிதந்தன. அள்ளுவதற்கு முதலில் குதித்தவன் அவருடைய மூத்த மகன். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டவன் மேலே வரவே இல்லை.

"பாட்டன் சாஸ்தா முன்னால சத்தியம் பண்ணிட்டாராம், இனி எங் கொடியில ஒருத்தனும் ஆத்துல எறங்க மாட்டான்னு. இருந்த ஒரு மகனையும் தூக்கிக்கிட்டுக் கெழக்க போயிட்டாரு. இந்தப் பறிய மட்டும் விட மனசில்ல போலுக்கு."

"தம்பி, ஒங்க வீட்ல எத்தன பேரு தண்ணியில போனாங்க?"

"எங்க வீட்லயா?" அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஒருத்தரும் போகலியே மைனி. நடக்கப் பழகுமுன்னயே பிள்ளைய இதுல தூக்கிப் போட்டிருவம். பெறவு எப்பிடிப் போவான்?"

சங்கரம்மாளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சாமி எடுக்கவில்லை. ஒரே சாமி, ஒரே ஆறு. இந்தப் பக்கத்தில் ஒரு சாவு இல்லை. நீந்தத் தெரியாமல் வளர்த்து வளர்த்து ஒவ்வொருத்தனாகக் கிணற்றுக்கும் குளத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். கட்டுக்குமேல் கட்டாகப் போட்டுக் கடைசிப் பிள்ளையையும் அதற்கே தயார் செய்து வைத்திருப்பது அவளேதான்.

மேலே பாதைக்கு ஓடினாள். "எய்யா, கீழ வா. சாமியப் பாத்தாச்சு. அது நம்மள ஒண்ணும் செய்யல."

"நீதானம்மா சொன்ன, தண்ணி நம்மளத் தேடுதுன்னு."

"பொய்யிய்யா. நான் சொன்னது அம்புட்டும் பொய்யி."

அவனால் அதை நம்ப முடியவில்லை. சுடலைமாடன் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் நயினார் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுவதைப் பார்க்க முடியாமல் சங்கரம்மாள் போதும் என்றாள். பிறகு சுடலைமாடனிடம் சொன்னாள்: "அப்பம் எனக்குச் சொல்லிக் குடுங்க."

அந்தக் கோடை முழுக்க முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கசத்தில் கிடந்தாள். முதல் நாட்களில் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. தாலியறுத்தவளுக்கு இந்த வயதில் நீச்சல் கேக்குதோ என்று தெரு நாறடித்தது. சங்கரம்மாள் காதிலேயே வாங்கவில்லை. ஒரு நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டு முங்கியபோது கை பாறை இடுக்கில் பட்டது. மூக்கனின் மூத்த மகன் மாட்டிக்கொண்ட இடம். மேலே வந்து நெடுநேரம் மூச்சு வாங்கினாள். மறுநாளும் போனாள். பாதையில் நயினார் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பான். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை மாதம். அடைமழை விட்டிருந்தது. வேறு பாதையெல்லாம் சேறாகிக் கிடந்ததால் குளக்கரை வழியாக நயினார் நெல் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊறிப்போன கரை சக்கரத்துக்கு அடியில் சரிந்தது. வண்டி சாய்ந்து, மூட்டைகளோடு அவனும் குளத்துக்குள் போனான். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கரையேறின. அவன் வரவில்லை.

"போச்சு. கடைசியையும் கேட்டு வாங்கிருச்சு" என்று கரையில் யாரோ சொன்னது, பக்கத்து வயலில் கூலிக்கு நாற்று முடிந்துகொண்டிருந்த சங்கரம்மாளின் காதில் விழுந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்த வேகத்தில் அப்படியே குதித்தாள்.

கலங்கல் தண்ணீர். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையால் துழாவினாள். சாக்கு, சக்கரம், மறுபடியும் சாக்கு. மூச்சு முட்டி மேலே வந்து மறுபடி முங்கினாள். இந்தத் தடவை கையில் மயிர் சிக்கியது. இழுத்தாள். தலை மேலே வந்ததும் அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள். கரையில் பெண்கள் அலறினார்கள். அவள் அவன் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு, பின்பக்கமாகப் போய்த் தலைமுடியைப் பற்றித் தரை தட்டும் இடம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். அவன் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினான். மூச்சு வந்துவிட்டது.

கரையிலிருந்து கைகள் நீண்டன. நயினார் ஒரு கையை எட்டிப் பிடித்தும்விட்டான். சங்கரம்மாள் அவன் முடியை விடவில்லை.

"கைய எடுங்கலே!" என்று கத்தினாள். "இப்பம் ஏறினான்னா சென்மத்துக்கும் எறங்க மாட்டான்."

அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீட்டிய கைகள் தானாகப் பின்வாங்கின. அவள் மகனின் நெஞ்சுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துக் குப்புறத் திருப்பி, வந்த பக்கமே மறுபடி இழுத்துக்கொண்டு போனாள்.

"எம்மா, செத்துருவேம்மா!"

"சாக மாட்ட. நான் புடிச்சிருக்கேன். கால அடிலே."

அவன் அழுதுகொண்டே காலை அடித்தான். அவள் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.