விட்டத்தில் கட்டிய கயிறு

முசரவாக்கத்துக்குக் கரண்டு மோட்டார் வந்த வருஷம் கங்கையம்மாளுக்கு மார்ச்சளிக் காய்ச்சல் கண்டது. நடவென்றால் முதல் ஆளாகச் சேற்றில் இறங்குகிறவள். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மகன் சின்னப்பையன் அவளை மாட்டுவண்டியிலிருந்து குழந்தையைப்போல் தூக்கி இறக்கினான். காய்ச்சலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மாசக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் கால்களையும் விட்டுவிட்டாள் போலிருந்தது.

"வயசாயிடுச்சி. படுக்க வெச்சி கஞ்சி ஊத்துங்க. இனிமே எழுந்து இன்னா ஆவப்போவுது?" என்றாள் பக்கத்து வீட்டு வடிவு.

சின்னப்பையனும் அப்படித்தான் நினைத்தான். காலமெல்லாம் குனிந்த முதுகு, இனிப் படுத்திருக்கட்டும். பத்தியக் கஞ்சி கொடுத்தான். எழுந்திருக்கப் பார்த்தால் அதட்டினான். பிரியத்தில்தான் அதட்டினான்.

கட்டிலுக்கடியில் ஒரு மண்சட்டி. அதை எடுத்துக் கொட்டிக் கழுவுவது மருமகள் அம்சா. அவள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஊரையே வாய்க்கு வந்தபடி ஏசுகிற அத்தை, அந்த நேரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வதை அவள் பார்த்தாள். வேறு எதையும்விட இதுதான் கிழவியை அரித்தது.

ஒருநாள் சின்னப்பையன் வாலாஜாபாத் ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போனதும் அத்தை கூப்பிட்டாள்.

"அம்சா, கன்னு போட்டுட்டு நம்ம செவலைப் பசு படுத்துக்கினு இருந்துதே, நெனப்பு இருக்குதா?"

இருந்தது. படுத்த மாட்டைப் படுக்கவிட்டால் அப்புறம் எழுந்திருக்காது என்று அன்றைக்குக் கத்தியவள் அத்தைதான். வயிற்றடியில் சாக்கைக் கொடுத்து, கயிற்றை விட்டத்தில் போட்டு இழுத்து, வைக்கோலால் கால்களைத் தேய்த்துத் தேய்த்து நிற்க வைத்தார்கள்.

"அந்தக் கயித்த எடுத்தா."

"நீ இன்னா மாடா, அத்தே?"

"மாட்டுக்குச் செஞ்சே. எனக்குச் செய்யமாட்டியா?"

அம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏணியைச் சாத்தினாள்.

கக்கத்தில் சாக்கைக் கொடுத்து இழுத்ததும் கிழவி எழும்பினாள். முழங்கால் இரண்டும் உதறின. அம்சா கீழே உட்கார்ந்து வைக்கோலால் தேய்த்தாள்.

"எறக்கிடட்டுமா?"

"எறக்கினா உன் மேலதான் விழுவேன். தேய்டி."

அன்றே பத்தியமும் போயிற்று. "கஞ்சியில எங்க பெலம் வரும்? களி கிண்டு. கருவாடு சுடு."

தினமும் சின்னப்பையன் வேலைக்குப் போனபின் கயிறு ஏறும், வருமுன் இறங்கும். ஒருநாள் மில் ஓடவில்லையென்று அவன் மத்தியானமே வந்துவிட்டான். அம்மா விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் வடிவு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி.

"பெத்தவள மாடு மாதிரி கட்டி வெச்சிருக்கியே. ஊரு இன்னா சொல்லும்?" என்று அம்சாவிடம் பாய்ந்தான். முடிச்சில் கை வைத்தான்.

"கைய எடுடா," என்றாள் கங்கையம்மாள். "ஊரா வந்து என் சட்டிய எடுக்குது? இல்ல, நீ எடுக்கறியா?"

அவன் கை அப்படியே நின்றது. ஒருநாளும் அவன் எடுத்ததில்லை. முடிச்சிலிருந்து கையை எடுத்தான். பிறகு அம்சாவின் கையிலிருந்த வைக்கோலை வாங்கி, அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"மெதுவா. தோலு உரிஞ்சிடப்போவுது," என்றாள் கிழவி.

வரவரக் கயிறு தொய்ந்தது. அப்புறம் சுவர், அப்புறம் ஒரு மூங்கில் கோல்.

ஒரு விடியலில் அம்சா கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. வெளியே ஓடினாள். ஏரிக்கரைப் பக்கம் கங்கையம்மாள் கோலூன்றிப் போய்க்கொண்டிருந்தாள். நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள். பிடித்துக்கொள்ள ஓடப்போன அம்சா, ஏனோ நின்றுவிட்டாள். பெண்கள் ஒதுங்கும் கருவேலம் புதருக்குப் பின்னால் அத்தை மறைந்தாள். வெகுநேரம் கழித்து, சேலையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

செம்போடு எதிரே வந்த வடிவு பதறிப்போனாள். "இன்னா பெரிம்மா, தனியாவா வந்தே? தொணைக்கு யாரையாச்சும் கூட்டிக்கினு வரக்கூடாதா?"

"இதுக்குமா தொணை?" என்று சொல்லிவிட்டுக் கங்கையம்மாள் கோலை மேட்டில் ஊன்றினாள்.