என் வயிற்றில் பரீட்சை எழுதிய பிள்ளைகள்

சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, அறுவை சிகிச்சை முடிந்து நான் தேறிய பிறகு, எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா ஒருநாள் கேட்டார். "எங்க மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்களுக்கு இதப் பத்தி ஒரு வகுப்பு எடுக்கறேன். கூட வர்றீங்களா டீச்சர்?"

நான் வெண்ணந்தூர்ப் பக்கம் கணக்கு டீச்சர். பிள்ளைகளைத் திருதிருவென முழிக்க வைக்கும் வாய்ப்பை விட்டதே இல்லை.

"வாரேனுங்க. ஆனா எனக்கு என்ன நோயின்னு சொல்லிறாதீங்க. மொதமொதல்ல உங்ககிட்ட வந்தப்பச் சொன்னதையே சொல்றேன், கண்டுபிடிக்கட்டும்" என்றேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

துணைக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் ரகசியம் தங்காது. வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் முன்னால் போய், நாற்காலியில் சாய்ந்து ஒரு முனகல் முனகினேன்.

"வயிறு உப்பிக்கிட்டே இருக்குதுங்க சாமி. ரெண்டு வாய் சோறு தின்னாலே நெறைஞ்சுக்குது. அடிக்கடி ஒண்ணுக்கு வேற வருது."

முன் வரிசைப் பையன் உடனே, "ராத்திரி என்னம்மா சாப்பிடுவீங்க?" என்றான்.

"தட்டப்பயறுக் கொழம்புங்க."

"கேஸ் ட்ரபிள்!" என்றான். பக்கத்திலிருந்தவன் சர்க்கரை என்றான். இன்னொருவன் மூத்திரக்குழாயில் கிருமி என்றான். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று எல்லோருக்கும் தலையாட்டினேன்.

கடைசி பெஞ்சில் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்க முடியவில்லை. "தட்டப்பயறுன்னுதான் நானும் சொன்னேன்! அப்புறம் ஸ்கேன் எடுத்தாத்தானே..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஸ்கேன்ல என்னங்கய்யா இருந்துச்சு?" என்று முன் வரிசைப் பையன் திரும்பினான்.

"பின்னால பாத்து எழுதக் கூடாது!" என்று பழக்கதோஷத்தில் அதட்டிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் ஓரத்தில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "இந்த உப்புசம் எப்பவாவது வருதுங்களா, தினமும் இருக்குதுங்களா?"

"தினமும்ங்க."

"முன்னெல்லாம் இப்படி இருந்ததில்லீங்களா?"

"இல்லீங்க. மாதவிலக்கு நின்னு ரொம்ப நாளுக்கப்புறம் புதுசா வந்ததுதான்."

"குடும்பத்துல யாருக்காவது மார்புலயோ சினைப்பையிலயோ புத்து இருந்துச்சுங்களா?"

என் நடிப்பு அங்கே நின்றது. என் சித்தி சினைப்பைப் புற்றில்தான் போனாள். அவளும் வெகுநாள் வயிற்றுப் பொருமல் என்றே சூரணம் தின்றுகொண்டிருந்தாள். அதைச் சொன்னேன்.

அந்தப் பெண் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "சினைப்பையையும் யோசிக்கணும் மேம். பரிசோதிச்சுட்டு, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பாக்கணும்."

நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

"இந்த நோய்க்குன்னு தனியா ஒரு பெரிய அறிகுறி இருக்காது" என்றார் டாக்டரம்மா. "எல்லாமே சாதாரணத் தொல்லை மாதிரிதான் தெரியும். ஆனா அம்பது வயசத் தாண்டின ஒரு அம்மாவுக்கு அது புதுசா வந்து, போகாம இருந்தா, இதையும் நெனைங்க. ஆரம்பத்துல ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினா ஏமாந்துரலாம். நாமதான் கேள்வி கேக்கணும்."

வகுப்பு முடிந்து வெளியே வந்தால், முன் வரிசைப் பையன் வராந்தாத் தூணுக்குப் பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்தான். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து ஒட்டுக்கேட்டேன்.

"அம்மா, வயிறு எப்படி இருக்குது? சோறு இல்லம்மா, வயிறு! அட, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ மொதல்ல பதில் சொல்லும்மா!"