கிண்ணத்துக்குள் வைத்த பொட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தீப்பொறி இல்லாமலே நெருப்பு பிறக்கும். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, அதில் நீளமான ஒரு எஃகுக் குழாய். ஒரு முனையில் அழுத்தி அடைத்த காற்று, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள், தாளுக்கு அப்பால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். தாள் கிழிந்ததும் அதிர்ச்சி அலை ஓடிப்போய் மறுமுனையில் உள்ள குழிந்த எஃகுக் கிண்ணத்தில் மோதித் திரும்பி, கிண்ணத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால் ஓரிடத்தில் குவியும். அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. அங்கிருந்துதான் வாயு வெடிக்கும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், அந்த வெறும் இடத்தில் கை வைக்க இன்றும் எனக்கு மனசு வராது.

என்னோடு வேலை பார்த்தவர் முன்பு தறிகளில், சேலைக்குப் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி பழுது பார்த்தவர். எந்தக் கொக்கி சிக்கியிருக்கிறது என்று சட்டத்தில் காதை வைத்தே சொல்லிவிடுவாராம். இங்கேயும் அதே பழக்கம். வாயு நிரப்பாமல் வெறும் அலை விடும் சோதனைகளில் குழாயில் வலது காதை வைத்து, தாள் முழுசாகக் கிழிந்ததா என்று சொல்வார். சரியாகவே இருக்கும். கருவி வாங்கித் தரக் கேட்டால் மூக்கால் அழும் நிர்வாகத்துக்கு அந்தக் காது வசதியாகப் போயிற்று. எனக்கும்தான்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்குக் கிண்ணத்தைத் துடைக்கக் கழற்றி வைத்திருந்தோம். அவர் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, கிண்ணத்தின் உட்குழியிலும் கட்டைவிரலால் ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் விஜயதசமி, வேலையைத் தொட்டே ஆகவேண்டும். கிண்ணத்தை மாட்டியது நான். பொட்டு காய்ந்து கண்ணெதிரே இருந்தது. ஆனால் நான் தறிக்காரர் வீட்டுப் பெண். பூஜைப் பொட்டைத் தானாக உதிரும்வரை எங்கள் வீட்டில் யாரும் துடைக்கமாட்டார்கள். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்குக் கை வரவில்லை.

அன்று விட்டது பலவீனமான அலை. எந்த வேகத்துக்குக் கீழே வாயு பற்றாது என்று பார்க்கும் சோதனை. அந்த அளவில் அதற்குமுன் ஒருமுறைகூடப் பற்றியதில்லை. அதனால் அவர், வாயு நிரப்பினால் நாங்கள் ஒதுங்கும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் வரவில்லை. குழாயில் காதை வைத்தபடி நின்றார். வாங்க என்று நானும் வற்புறுத்தவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

பற்றியது. சத்தம் அடங்கியதும் சுவருக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வலது காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ கூப்பிட்டது போல மெதுவாகத் திரும்பி, கதவைப் பார்த்தார். கதவில் யாரும் இல்லை.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் குழாயைத் திறந்தேன். வெடிப்பின் தடம் பதிவதற்காக உள்ளே ஒரு கரி பூசிய தகடு வைப்போம். மீன் செதில் போன்ற அந்தத் தடம் எப்போதும் காற்றில் அலை குவியும் இடத்தில் தொடங்கும். அன்று அது கிண்ணத்தின் அடியிலிருந்து, பொட்டு இருந்த இடத்திலிருந்து தொடங்கியிருந்தது. சந்தனத் துகள்தான் சூடேறிப் பற்றியிருக்கிறது. பொட்டில் பாதி இன்னும் ஒட்டியிருந்தது. இப்போது மட்டும் என் கை தயங்கவில்லை. எச்சில் தொட்டு ஒரே தேய்ப்பில் துடைத்தேன். தகட்டையும் துடைத்தேன். கட்டைவிரல் ரேகையில் சிவப்பு தங்கிவிட்டது. எத்தனை கழுவியும் சில நாள் போகவில்லை.

கிண்ணம் சுத்தமாக இருந்ததா என்று விசாரணையில் கேட்டார்கள். இருந்தது என்றேன். சுவருக்குப் பின்னால் போகாதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். வலது காது போனது போனதுதான். அவர் என்னிடம் சொன்னது இது: “தப்பு என்னுதுதாம்மா. ஆனா பொட்டு வெச்சிருந்ததாலதான் உசுரோட இருக்கறேன்.”

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணியோடு அவர் குழாயருகே குனிந்தார். உள்ளே நானே வைக்கிறேன் என்று வாங்கி, வெளிப்பக்கம் வைத்தேன். பிறகு அவருடைய வலது பக்கம் நெருங்கி நின்று, பொட்டு, தகடு, என் பொய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் காதைத் தடவினார்.

“காதுல காத்து படுது, ஒண்ணும் கேக்கல. அந்தப் பக்கம் நின்னுக்கினு என்னம்மா சொல்ற? இப்படி வா.”

இடது பக்கம் போனேன். பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.