தப்பு நோட்டில் ஒன்பது வாரம்

பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறேன் என்று என் தம்பி மனைவி சொன்னபோது நான் சும்மா இருக்கவில்லை. "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் போகல?" என்று கேட்டேன். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மாலை நான்கிலிருந்து எட்டு வரை. ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்பதற்குள் பெயரை ஒரு தடவை, தேதியை ஒரு தடவை, டாக்டர் சீட்டை ஒரு தடவை பார்ப்பாள். அப்படிப்பட்டவள் யோசிக்காமல் ஒரு முடிவுக்கு வரமாட்டாள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் எப்படி?

"அவ கேள்வி கேக்கறதை நிறுத்திட்டா அண்ணி. ஒரு மாசமா ஒண்ணுமே கேக்கல," என்றாள்.

அது உண்மைதான். தம்பி மகளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரே வக்கீல். பல் தேய்க்கச் சொன்னால்கூடக் குறுக்கு விசாரணை செய்கிற பிள்ளை. வகுப்பில் யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. நாற்பது பிள்ளைகளில் அவள் முறை வரவில்லை, அவ்வளவுதான். எட்டு வயதிலேயே வக்கீல் வாயை மூடிக்கொண்டுவிட்டாள்.

நான் கீழ்வீட்டில் திரைச்சீலை தைக்கிறேன், அவர்கள் மாடியில். அதனால் அந்தக் கூத்து முழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் வருஷம் பாடங்களைத் தயாரித்து விற்கிற கம்பெனியிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. எந்த நாளில் என்ன படிக்க வேண்டும் என்று நாள்வாரியாக எல்லாம் அதற்குள் இருந்தது. நாற்பத்தோராம் நாள் கம்பளிப்புழுவைப் பார்த்து வரைய வேண்டும். புழுவுக்கு எங்கே போவது? அம்மாவும் பெண்ணும் மூன்று நாள் தெருத்தெருவாகச் செடிகளைப் புரட்டினார்கள். நானும் தையலைப் போட்டுவிட்டு ஒரு மதியம் அவர்களோடு அலைந்தேன், தலையெழுத்து. புழு கிடைத்தபோது பெட்டி நாற்பத்து நாலாம் நாளுக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவர்களால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. வருஷ முடிவில் வீட்டில் படிக்கிற பிள்ளைகளைச் சோதிக்கக் கல்வி அலுவலகத்திலிருந்து வருகிற அதிகாரி வந்து பார்த்துவிட்டு, கணக்கில் பெண் பின்தங்கியிருக்கிறாள், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி திரும்பிப் போனது.

அப்புறம் மூன்று மாதம் என் தம்பி மனைவி கணக்குப் புத்தகம் தேடினாள். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதுகூட அத்தனை நாள் ஆகாது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தாள். ஒரு புத்தகத்தில் படம் அதிகம், பயிற்சி குறைவு. இன்னொன்றில் பயிற்சி மட்டும்தான். வேறொரு கூட்டத்தார் புத்தகமே வேண்டாம், பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள். என் தம்பிக்கு அதுதான் பிடித்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். "ஸ்க்ரூடிரைவரைக் குடுத்தா போதும், எல்லாம் வந்துடும்," என்றான். "உனக்கு வந்ததைத்தான் பாத்தோமே," என்று நான் அவனை அடக்கினேன். கடைசியில் வேறு ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்திடம் அவள் ஆசைப்பட்ட கணக்குப் புத்தகமே கிடைத்தது, விடைப் புத்தகத்தோடு சேர்த்து.

விடைப் புத்தகம் வந்ததும் வீட்டில் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தாள். பெண்ணின் கணக்கை அம்மா திருத்தமாட்டாள். பெண்ணே விடைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தப்பானதை அழிக்கக் கூடாது. தனியாக ஒரு நோட்டில், என்ன தப்பு, ஏன் தப்பு என்று எழுத வேண்டும். அதற்குப் பெயர் தப்பு நோட்டு. அம்மா அதைத் திறந்து பார்க்கவும் மாட்டாள். அது பிள்ளைக்கும் கணக்குக்கும் நடுவில் இருக்கிற விஷயமாம். நான் சிரித்தேன். ஆனால் நல்ல யோசனைதான் என்று உள்ளுக்குள் பட்டது, அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதிகாரி வர ஒரு வாரம் இருக்கும்போது வக்கீல் கீழே வந்து என் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜன்னலுக்குத் துணி வெட்ட வேண்டியிருந்தது. பத்து வயதாகிவிட்டதே, பார்ப்போம் என்று கணக்கை அவளிடமே கொடுத்தேன். ஜன்னல் அகலம் இரண்டு மீட்டர் நாற்பது. சுருக்கத்துக்காக அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். துணியின் அகலம் ஒன்று இருபது. ஒவ்வொரு துண்டும் இரண்டே முக்கால் மீட்டர் நீளம். அவள் தாளில் மளமளவென்று போட்டாள்.

"நாலு துண்டு. மொத்தம் பதினொண்ணு வருது அத்தை," என்றாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்படின்னா பதினொண்ணு இல்ல," என்றாள்.

"என்னடி உளர்ற?"

"எனக்கு வர்றது எப்பவுமே தப்பாத்தான் இருக்கும். பதிமூணுன்னு வெச்சுக்கோங்க."

நான் தைக்க ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பதினொன்றுதான் என்று அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். எனக்குச் சுருக்கென்றது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அடுத்தவர் நோட்டைப் பிரிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் வீட்டுச் சட்டம். நான் பிரித்தேன். முதல் இரண்டு பாடத்தில் தப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. மூன்றாம் பாடத்திலிருந்து ஒரு கணக்கு விடாமல் எல்லாமே தப்பு. 'தோட்டம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதைச் சுற்றி வெளியே 1 மீட்டர் பாதை. பாதையின் பரப்பு எவ்வளவு? எனக்கு 44. புத்தகத்தில் 56. காரணம்: தோட்டத்துக்கு வாசல் இருக்கும் என்பதை மறந்துவிட்டேன்.' அடுத்ததற்கு இன்னொரு காரணம். அதற்கடுத்ததற்கு வேறொன்று. இப்படியே ஒன்பது வாரம். பின்பக்கங்களில் காரணங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. கடைசிப் பக்கத்தில், 'காரணம்: எனக்குக் கணக்கு வராது' என்று மட்டும் இருந்தது.

தம்பி மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே நோட்டை வாங்கிப் படித்தாள். இரண்டு புத்தகங்களையும் எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினாள். கணக்குப் புத்தகம் புதிய பதிப்பு. விடைப் புத்தகம் ஆறு வருஷம் பழையது. முதல் இரண்டு பாடம் இரண்டிலும் ஒன்றுதான். மூன்றிலிருந்து எண்களை எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். மாத்திரை அட்டையில் தேதியை விடாமல் பார்க்கிறவள், இதில் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

"எல்லாமே சரியாத்தான் போட்டிருக்கா அண்ணி," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்குப் பயந்து வீட்டுல வெச்சேனோ அதையே நான் பண்ணிட்டேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அதைவிடப் பாவமாகவும் இருந்தது. "அழறதுக்கெல்லாம் நேரமில்ல. அந்த நோட்டைக் கண்ணுல படாம எடுத்து வெச்சிடு. வர்ற அதிகாரி அம்மா இதைப் பாத்தா கதை முடிஞ்சது," என்றேன்.

இதற்குள் வக்கீல் தரையில் உட்கார்ந்து விடைப் புத்தகத்தை மடியில் விரித்திருந்தாள். அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. "அப்ப அம்பத்தாறுங்கறது வேற ஒரு தோட்டத்தோட விடையா?" என்று கேட்டாள். "அது எவ்ளோ பெரிய தோட்டம்?"

அந்த ஒரு வாரமும் அவளுக்கு அதுதான் வேலை. விடை இருக்கிறது, கேள்வியைக் காணவில்லை. தேடிப் பிடிக்க வேண்டும். சாப்பிடும்போதும் அதே பேச்சு. தம்பி வேலையிலிருந்து வந்ததும் அவனையும் உட்காரவைத்துக் கணக்கில் மாட்டிவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நச்சரிப்பு கேட்டது.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டேன். நோட்டை ஒளித்து வைக்கச் சொன்னேனே, கேட்டாளா என் தம்பி மனைவி? அவளே எடுத்து மேசையில் வைத்து, "இது என்னோட தப்பு," என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இந்த அம்பத்தாறுக்கு மட்டும் தோட்டம் கண்டுபிடிக்கவே முடியல," என்றாள் வக்கீல், யாரும் கேட்காமலே. "நீளமும் அகலமும் சேந்து இருபத்தாறு வரணும், அதுவரைக்கும் தெரியும். பதினஞ்சும் பதினொண்ணும் வெச்சாலும் சரியா வருது. பதினாலும் பன்னெண்டும் வெச்சாலும் வருது. எதுன்னு எப்படித் தெரியும்?"

"பதினாலு, பன்னெண்டு வெச்சா வராதே," என்றார் அதிகாரி.

"வரும். போட்டுப் பாருங்க."

அவர் பேனாவைத் திறந்து தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தார். ஐம்பத்தாறு வந்தது. இன்னொரு தோட்டத்தை எடுத்தார், அதற்கும் வந்தது. டீ ஆறிப்போனது. ஒருவழியாகப் படிவத்தை எடுத்து, கணக்கில் வயதுக்கு மேலேயே இருக்கிறாள், வீட்டிலேயே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்றவர் வக்கீலைப் பார்த்து, "ஒன்பது வாரத்துல ஒரு தடவைகூட புத்தகம் தப்பா இருக்கும்னு தோணலையாம்மா?" என்று கேட்டார்.

"தோணுச்சு. ரெண்டாவது வாரமே தோணுச்சு."

தம்பி மனைவி கதவருகே நின்றுவிட்டாள். அதிகாரி படியிறங்கிப் போனார். பிறகு பெண்ணுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீ மூணு மாசம் தேடி வாங்கினியே அம்மா. அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்த அன்னிக்குக் குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல அழுதே. இதுவும் தப்புன்னு சொன்னா மறுபடியும் அழுவே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன இருந்தாலும் நான் நாத்தனார், என் கண் கலங்குவதை அவள் பார்க்கக் கூடாது.

"அழுவேன்தான். அழுதா அழுதுட்டுப் போறேன், அதை நான் பாத்துக்கறேன். நீ சொல்லிடு," என்றாள் அவள்.

வக்கீல் தயங்கித் தயங்கி, "அப்ப அந்த அறிவியல் புக்குல கூட ஒரு தப்பு இருக்கு," என்றாள்.